வாசற்படி வரை வரும் வீடியோ

அருள்ராஜ் எடுத்த வீடியோவில் பூ உதிராமல் இருந்ததில்லை. கல்யாணமோ காதுகுத்தோ புதுக்கடை திறப்போ, தலைப்பு வரும்போது வலது மேல்மூலையிலிருந்து ரோஜா இதழ்கள் கொட்டியே தீரும். கூடலூரில் பதினாறு வருஷமாக ஸ்டுடியோ நடத்துகிற மனுஷன். மிளகு மண்டிக்கு மேல்மாடியில் கடை. படியேறும்போதே தும்மல் வந்துவிடும். இருந்தாலும் கல்யாண சீசனில் ஆட்கள் தும்மிக்கொண்டே ஏறிவந்து தேதி சொல்லிவிட்டுப் போனார்கள். வேலை அவ்வளவு சுத்தம். அதில் அவனுக்குக் கர்வமும் உண்டு, கொஞ்சநஞ்சமல்ல.

ஆகவே தங்கை லோயிஸ் ஒரு வீடியோ கேட்டபோது அவன் எந்தக் குறையும் வைக்கவில்லை. தேயிலைச் சரிவில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, பின்னால் பனிமூட்டமாக மஞ்சு ஏறுகிற நேரம் பார்த்து அவளை நிறுத்தி எடுத்தான். நாலு நிமிஷ வீடியோவுக்கு இரண்டு நாள் உட்கார்ந்து எடிட் பண்ணினான். இதழ்கள் கொட்டின. தலைப்பு பொன்னெழுத்தில் சுழன்று வந்து நின்றது. அடியில் மெல்லிசாக ஒரு புல்லாங்குழல்.

லோயிஸ் முழுதாகப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டர் திரையின் அடியில் பச்சையாக நெளிந்து ஓடிய ஒலிக்கோட்டின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த அண்ணனுக்குப் போனில் தட்டி அனுப்பினாள்.

"அண்ணே, பாட்டு யாருக்கு?"

அருள்ராஜ் அசடு வழிந்தான். லோயிஸுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அந்த வீடியோவைப் பார்க்கப்போகிற ஒன்பது பெண்களுக்கும் கேட்காது.

அந்த ஒன்பது பேரும் பந்தலூர், சேரம்பாடி, மசினகுடி, பர்லியார் என்று மலை முழுக்கச் சிதறிக் கிடந்தவர்கள். காது கேளாதோர் பள்ளிக்கூடத்திலோ, ஒருவர் கல்யாணத்தில் இன்னொருவரோ பார்த்துப் பழகியவர்கள். எல்லாருக்கும் வயிற்றில் பிள்ளை, அல்லது சீக்கிரம் வரப்போகிறது. எழுத்து அவர்களில் பலருக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். கைப்பேச்சுதான் அவர்களுடைய பேச்சு. எஸ்டேட் எஸ்டேட்டாக நடக்கிற சுகாதார நர்ஸ் ஜானகி, மாசாமாசம் இவர்களிடம் ரத்த அழுத்தம் பார்ப்பார், மாத்திரை கொடுப்பார், சொல்ல வேண்டியதைச் சொல்ல வழியில்லாமல் திரும்பி வருவார். ஒருநாள் லோயிஸைப் பிடித்தார். நான் சொல்வதை நீ கையால் பேசு, உங்கண்ணன் படம் பிடிக்கட்டும் என்பது ஏற்பாடு.

பெரிய தளங்களில் போட்டால் போதாதா என்று அருள்ராஜ் முதலில் கேட்கத்தான் கேட்டான். லோயிஸ் கூடாது என்றுவிட்டாள். சிக்னல் மெலிந்தால் அங்கே படம் தானாகவே மங்கிப்போகும். காது கேட்கிறவர்களுக்குப் படம் மங்கினாலும் குரல் வந்து சேர்ந்துவிடும். இவர்களுக்குக் கை மங்கினால் எல்லாம் போச்சு. தவிர, வயிற்றில் கை வைத்துப் பேசுகிற பெண்களைப் பற்றிப் போகிறவன் வருகிறவன் எல்லாம் கீழே கருத்துச் சொல்லவும் வேண்டியதில்லை. ஆகவே வாடகைக்கு ஒரு சர்வரில் கொஞ்சம் இடம் பிடித்து, அவர்கள் மட்டும் திறக்கிற மாதிரி சொந்தமாக ஒரு இணையப்பக்கம் போட்டார்கள். அதை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டு போட்டவன் அருள்ராஜ்தான். கெட்டிக்காரன், அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

அவர்களுக்குள் எல்லாருக்கும் ஒரு கைப்பெயர் உண்டு. ஜானகி என்றால் மேற்கையில் ஊசி குத்துவது. குருவிமலை எஸ்டேட் ஜீவிதா என்றால் கன்னத்துக் குழியில் விரல் வைப்பது. அருள்ராஜுக்கு லோயிஸ் சின்ன வயசிலேயே வைத்த பெயர், இடது கண்ணை இறுக மூடி, வலது கண்ணுக்கு முன்னால் முஷ்டியைப் பிடிப்பது. கேமராக்காரன் என்று பெருமையாகத்தான் சொல்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

இந்த வீடியோவில் விஷயம் ஒன்றே ஒன்று. வயிற்றில் பிள்ளை அசைகிறதா என்று தினமும் எண்ணிப் பார்க்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாகப் படுத்து எண்ண வேண்டும். வழக்கத்தைவிடக் குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அது முதலில் போய்ச் சேர வேண்டியது ஜீவிதாவுக்கு. அவளுக்கு எட்டாம் மாசம். ஜூன் பாதியில் மழை பிடித்துக்கொண்டதும் குருவிமலைப் பாதையில் சிறுபாலம் ஒன்று அடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம் மூன்று மைல் நடைதான். அந்த நடைபாதையில் யானைக் கூட்டம் வேறு இறங்கியிருந்தது. நான் நடந்து போய் நேரிலேயே சொல்லிவிட்டு வருகிறேன் என்று லோயிஸ் கிளம்பியபோது ஜானகி கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தார். கிளை ஒடிகிற சத்தம் கேட்டுத்தான் அந்தப் பாதையில் ஆட்கள் உயிர் தப்புகிறார்கள். அது கேட்காதவளை எப்படி அனுப்புவது?

ஜீவிதா இருக்கும் தொழிலாளர் லைன் வீட்டு வாசற்படியில் சிக்னல் ஒரு கோடு காட்டும், மறைந்துவிடும். நல்ல சிக்னல் வேண்டுமென்றால் மேலே தண்ணித்தொட்டி மேட்டுக்கு ஏற வேண்டும். லைனில் எல்லாரும் போன் பேச அங்கேதான் ஏறுவார்கள். ஜீவிதா போன மாசம் அங்கே ஒருமுறை சறுக்கி விழுந்திருந்தாள். இனி பிள்ளை பிறக்கிறவரை அவள் மேடு ஏறக் கூடாது என்பது ஜானகியின் கண்டிப்பான உத்தரவு. ஆக, வீடியோதான் இறங்கி அவள் வாசற்படிக்கு வர வேண்டும்.

கேமராவிலிருந்து வந்த வீடியோ மூன்று ஜி.பி. இருந்தது. ஜீவிதாவின் வாசற்படியில் பத்து எம்.பி.க்கு மேல் எது வந்தாலும் சக்கரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

அருள்ராஜ் சுருக்க உட்கார்ந்தான். புல்லாங்குழலை எடுத்தான். இதழ்களை எடுக்க மனசு வரவில்லை. ஒரே ஒரு தடவைதானே கொட்டுகிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டான். படத்தின் அளவைக் குறைக்கவும் மனசு வரவில்லை, அழகு போய்விடுமே. அதற்குப் பதிலாக ஒரு நொடிக்கு முப்பது படம் ஓடுவதைப் பத்தாக்கினான். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் அழுத்திப் பிழிந்து எட்டு எம்.பி.யில் கொடுத்தது. பெரிய திரையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். மஞ்சு அருமையாக ஏறியது. திருப்தியாக இணையப்பக்கத்தில் ஏற்றினான். அன்றைக்கு லோயிஸ் டீ பாக்டரியில் பேக்கிங் ஷிப்டில் இருந்தாள். அவளிடம் காட்டக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் தண்ணித்தொட்டி மேட்டிலிருந்து ஜானகி கூப்பிட்டார். வனத்துறை வாட்சர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு நடந்தே போயிருந்தார். பேச்சுக்குப் பின்னால் மழை இரைந்தது.

"ஏனுங்க அருள்ராஜு, வீடியோ இறங்கிருச்சுங்க. ஆனா அந்தப் புள்ளைக்கு ஒண்ணுமே புரியலீங்க. பூவத்தான் பாக்குது. லோயிஸ் வவுத்து மேல கைய வெக்கற எடத்துல வெரலெல்லாம் கஞ்சியாட்டம் கொழஞ்சு கெடக்குது."

"திரும்பப் போட்டுப் பாக்கச் சொன்னீங்களா சிஸ்டர்?"

"மூணு வாட்டி பாத்துப்போட்டா. இங்க எதுக்குக் கை சும்மா நிக்குதுன்னு என்னையக் கேக்கறா. எனக்கு எங்கீங்க சொல்லத் தெரியுது?"

"அப்பறம் என்னங்க பண்ணுனீங்க?"

"அதனால என்ன, அவ ஊட்டுக்காரரு கந்தன் இருந்தாரு. அவருக்குக் காது கேக்குமே. வெவரமா எடுத்துச் சொல்லிப்போட்டு, அவளுக்குப் புரிய வெச்சுருங்கன்னேன். உடனே சொல்லிட்டாருங்க."

அருள்ராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எப்படிச் சொன்னாருங்க?"

"வவுத்தக் காட்டிக் கட்டைவெரலத் தூக்கிக் காட்டுனாரு. அவளும் சிரிச்சா. நல்ல மனுசனுங்க."

அருள்ராஜ் போனை வைத்தான். அந்தக் கட்டைவிரலை அவனுக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் லோயிஸுக்கு எட்டு மாசம். அவள் புருஷன் வெளியூர் வேலையில் இருந்ததால் ஆஸ்பத்திரிக்கு இவன்தான் கூட்டிப்போனான். டாக்டரம்மா அவளைப் பார்த்துவிட்டு இவனிடம்தான் சொன்னார். "அசைவு கொறஞ்சா ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காம கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கு நல்லாப் புரியற மாதிரி சொல்லிடுங்க." லோயிஸ் என்ன சொல்கிறார் என்று முகத்தாலேயே அவனைக் கேட்டாள். அவனிடம் வீட்டுச் சைகை ஒரு இருபது இருந்தது. சாப்பாடு, வா, போ, தூங்கு, மழை, கடை. இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் வளர்ந்த தங்கையோடு அவன் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். அசைவு குறைந்தால் என்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. வயிற்றைக் காட்டிக் கட்டைவிரலைத் தூக்கினான். வீட்டுக்குப் போய் எழுதிக் காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான். சாயங்காலம் ஒரு ரிசப்ஷன் ஆர்டர் இருந்தது. போனான். மறந்துபோனான்.

அதற்குப் பதினோராம் நாள் காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. தூங்குகிறது என்று லோயிஸ் நினைத்தாள். அண்ணன் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தானே. ஒரு ராத்திரி முழுக்கக் காத்திருந்தாள். விடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிள்ளையின் துடிப்பு நின்றிருந்தது.

ஆஸ்பத்திரிச் சீட்டில் டாக்டரம்மா எழுதியிருந்ததை லோயிஸ் பின்னால் தானே படித்தாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்கு அழுதுவிட்டுப் போகவாவது வழி கிடைத்திருக்கும்.

இப்போது குருவிமலையில் இன்னொருத்தன், நல்ல மனுஷன், அதே விரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறான்.

சாயங்காலம் ஷிப்டு முடிந்து வந்த லோயிஸை நிறுத்திவைத்து, தன் வீடியோவைத் தன் போனிலேயே ஓட்டிப் பார்த்தான் அருள்ராஜ். பெரிய திரையில் ஏமாற்றியதெல்லாம் சின்னத் திரையில் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. காற்றில் தேயிலைச் செடிகளின் ஒவ்வொரு இலையும் ஆடுகிறது. மஞ்சு நகர்கிறது. இதழ் விழுகிறது. கம்ப்யூட்டருக்கு இலை எது, தங்கையின் விரல் எது என்று தெரியாது. இருக்கிற எட்டு எம்.பி.யை ஆடுகிற எல்லாவற்றுக்கும் பந்தி பரிமாறியதில் கைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சியதையும் நொடிக்குப் பத்துப் படமாக வெட்டியதில் விரல்களின் துடிப்பு படத்துக்கும் படத்துக்கும் நடுவில் விழுந்து தொலைந்துபோயிருந்தது. அழகுக்காகச் செய்ததெல்லாம் பேச்சைத் தின்றுவிட்டது.

லோயிஸும் பார்த்தாள். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கைவளையல்களைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

அருள்ராஜ் பாஸ்போர்ட் படம் எடுக்கிற வெறும் நீலத்துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டினான். அவளுடைய பாக்டரி ஓவர்கோட்டே கருநீலம், நல்லதாகப் போயிற்று. அதன்மேல் கை தனியாகத் தெரியும். விளக்கை நிறுத்தினான். எதுவரை படத்தில் வர வேண்டும் என்று போனில் கேட்டான்.

லோயிஸ் தன் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. அவள் அவன் போனையும் வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு அவன் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். பார், என்பது அது. அதற்குச் சைகை தெரிய வேண்டியதில்லை.

வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். விரல்கள் அடியில் மீன்குஞ்சு மாதிரி துடித்தன. புருவத்தைத் தூக்கினாள். மறுபடி அதையே புருவம் தூக்காமல் செய்தாள். புருவம் தூக்கினால் கேள்வி, அசைகிறதா. தூக்காவிட்டால் சேதி, அசைகிறது. புருவம் போனாலும் பேச்சு போய்விடும் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. துடிப்பை மெதுவாக்கினாள், இன்னும் மெதுவாக்கினாள், நிறுத்தினாள். முகம் சுருங்கியது. பிறகு இரண்டு கையாலும் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற மாதிரி ஒன்று செய்தாள். உடனே போ.

அருள்ராஜ் கேமராவுக்குப் பின்னால் நின்று எடுத்துக்கொண்டிருந்தான். அந்த டாக்டரம்மா சொன்ன முழு வாக்கியமும் நாலு அசைவில் அவன் முன்னால் நின்றது. கற்றுக்கொள்ள எவ்வளவு நேரமாகியிருக்கும்? ஒரு டீ குடிக்கிற நேரம்.

எடுத்ததைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொரு படமாக நகர்த்தினான். எங்கே விரல் ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று ஒவ்வொன்றையும் லோயிஸிடம் கையால் செய்துகாட்டிக் கேட்டான். அவன் செய்தது பாதி தப்பு. அவள் சிரித்தாள், அவன் விரலைப் பிடித்து மடக்கினாள், மணிக்கட்டைத் தட்டினாள். தலை உச்சியிலிருந்து இடுப்புக்குக் கீழே ஒரு சாண் வரை வைத்துக்கொண்டு சுற்றியுள்ள இடத்தை வெட்டினான். படத்தின் அளவைப் பாதிக்கும் கீழே இறக்கினான். ஆனால் நொடிக்கு முப்பது படத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஒலியை மொத்தமாகக் கழற்றினான். தலைப்பைக் கழற்றினான். இதழ்களைக் கழற்றும்போது லோயிஸ் அவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். முழுசும் வந்து சேரும்வரை காத்திராமல் வர வர ஓடுகிற மாதிரி கோப்பின் கடைசியில் இருந்த விவரப்பட்டியலை அதன் தொடக்கத்துக்கு மாற்றினான்.

ஆடாத நீலத்துணிக்குக் கம்ப்யூட்டர் கிட்டத்தட்ட ஒன்றுமே செலவழிக்கவில்லை. எல்லாம் கைக்கும் முகத்துக்கும் போயிற்று. ஆறு எம்.பி.

போனில் சிக்னலை 2ஜி.க்கு இறக்கிக்கொண்டு, ஜீவிதாவின் வாசற்படி மாதிரியே சிக்னல் சரியாக எடுக்காத மிளகு மண்டியின் பின்கட்டுக்கு இறங்கிப் போனார்கள். மூட்டைகளுக்கு நடுவில் நின்று தும்மிக்கொண்டே அண்ணனும் தங்கையும் காத்திருந்தார்கள். கொஞ்சநேரம் சக்கரம் சுற்றியது. பிறகு லோயிஸ் வந்து நின்று வயிற்றில் கை வைத்தாள். விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துடித்தது.

படம் முடிந்ததும் லோயிஸ் போனைப் பிடுங்கிக்கொண்டு, இப்போது நீ சொல், என்று அவனை நிறுத்தினாள். அவன் சொன்னான். தட்டுத்தடுமாறி, மூட்டை தூக்க வந்த ஆட்கள் வேடிக்கை பார்க்க, முழுதாகச் சொன்னான்.

மறுநாள் ஜானகியின் போனில் மழைச் சத்தமே இல்லை. மேடு ஏறாமல் ஜீவிதாவின் வாசற்படியிலேயே நின்று கூப்பிட்டிருந்தார். குரல் விட்டுவிட்டு வந்தது. "பாத்துட்டாளுங்க... அந்த ஓவர்கோட்டப் பாத்து ஒரே சிரிப்பு... எண்ணிக்கூடக் காட்டிப்போட்டா!"

அந்த உற்சாகத்தில் அருள்ராஜ் இணையப்பக்கத்தில் இன்னொன்றும் சேர்த்தான். பதில் அனுப்ப ஒரு பொத்தான். அதை அழுத்திப் பதிவு பண்ணினால் ஒலியில்லாமல், சின்னப் படமாக, பதினைந்து நொடிக்குள் அவர்கள் பக்கத்திலேயே சுருங்கி வந்து சேரும். பெண்கள் அதில் அன்றாடக் கதையெல்லாம் அனுப்பினார்கள். கால் வீக்கம், மாமியார், புளிப்பு மாங்காய். லோயிஸ் வருவதற்குள் அவன் ஒவ்வொன்றையும் பார்த்து, என்ன சொல்கிறார்கள் என்று ஊகித்து வைத்துக்கொண்டு, பிறகு அவளிடம் சரிபார்ப்பான். மாங்காய் கேட்டவளைப் பாம்பு கடித்துவிட்டது என்று அவன் ஒருமுறை பதறியதை லோயிஸ் ஒன்பது பேருக்கும் சொல்லிவிட்டாள்.

பொத்தான் போட்ட பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. லோயிஸ் மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். பூசைக்குப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவது அவள் வழக்கம். அருள்ராஜ் அடுத்த ஞாயிறு கண்டிப்பாக வருகிறேன் என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு ஆல்பம் வேலையில் இருந்தான். பத்தரை மணிக்கு இணையப்பக்கத்தில் ஒரு பதில் வந்தது. ஜீவிதா. ஒன்பது நொடி.

ஓட்டினான். ஜீவிதா கன்னத்துக் குழி தெரியாத முகத்தோடு நின்றாள். வயிற்றில் உள்ளங்கை. விரல்கள் துடித்தன, மெதுவாயின, நின்றன. சூரியன் ஏறுவதுபோல் ஒரு கை. நாலு விரல். மறுபடி வயிறு. புருவம் தூக்கியிருந்தது.

கோயில் பத்து நிமிஷ நடை. லோயிஸைக் கூட்டிவர எழுந்து ஓடினான். இரண்டு படி இறங்கியவன் நின்றுவிட்டான். போகப் பத்து, வரப் பத்து. அவள் வந்து பார்த்து என்ன சொல்லப்போகிறாள்? அந்த விரலை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தவன் அவன். இது மாங்காய் இல்லை. காலையிலிருந்து எண்ணியிருக்கிறாள், நாலுதான் வந்திருக்கிறது. இதற்கு என்ன பண்ணட்டும் என்று கேட்கிறாள்.

ஜானகியைக் கூப்பிட்டான்.

"சிஸ்டர், ஜீவிதாவுக்கு அசைவு கொறைஞ்சிருச்சுங்க. காலையில இருந்து நாலுதான். உடனே வண்டி வேணுமுங்க."

"யாரு, லோயிஸ் சொன்னாளா?"

"இல்லீங்க. நான் பாத்தேன்."

அவருக்கும் மாங்காய்க் கதை தெரியும். "அருள்ராஜு, நிச்சயமாத் தெரியுமுங்களா? எஸ்டேட் டிராக்டரக் கெளப்பணும், 108ஐ ஒடஞ்ச பாலத்துக்கு இந்தாண்ட வரச் சொல்லணும்..."

"நிச்சயமாத் தெரியுமுங்க சிஸ்டர். என்னைய நம்புங்க."

"செரி, வெச்சுருங்க."

வைத்தான். அடுத்து யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்தது. அங்கே வாசற்படியில் ஒருத்தி பதிலுக்குக் காத்திருக்கிறாள். எழுதினால் அவளுக்குப் பாதி புரியும். கந்தனைக் கூப்பிட்டால் கட்டைவிரலைத்தான் தூக்குவான்.

நீலத்துணி இன்னும் சுவரில்தான் இருந்தது. பதினாறு வருஷத்தில் ஆயிரம் பேரை நிறுத்திய இடம். அவன் ஒருமுறைகூட அங்கே நின்றதில்லை. போனை மேஜை மேல் சாய்த்து வைத்துவிட்டுத் துணிக்கு முன்னால் போய் நின்றான். பார்த்தேன். புரிந்தது. வண்டி வருகிறது. இடது பக்கமாகப் படு. பயப்படாதே. உடனே போ. மறுபடி எடுக்க நேரமில்லை. எட்டு நொடி, அரை எம்.பி.கூட வரவில்லை. அனுப்பினான்.

சக்கரம் சுற்றிய நேரம் முழுக்க அருள்ராஜ் நின்றுகொண்டே இருந்தான். பிறகு வந்த பதிலில் ஜீவிதாவின் தலை மட்டும் தெரிந்தது, தலையாட்டிக்கொண்டே. பின்னால் கந்தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டரைக்கு லோயிஸ் படியேறி வந்தாள். வீட்டுக்குப் போய் போனை எடுத்ததுமே பக்கத்தைத் திறந்திருக்கிறாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. அண்ணனுடைய எட்டு நொடியை அவன் முன்னாலேயே மறுபடி ஓட்டிப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று அவன் நினைத்தான். அவள் ஓரிடத்தில் நிறுத்தி விரலை வைத்தாள். வண்டி என்று சொல்ல அவன் திருப்பிய ஸ்டீயரிங் சக்கரம் இரண்டு முழம் அகலம். லாரி வருகிறது என்று சொல்லியிருக்கிறாய், என்றாள் கையால். அவள் சிரிக்கும்போதே கண் நிறைந்து வழிந்தது.

மணி மூன்றுக்கு ஜானகி கூப்பிட்டார். டிராக்டரில் பாலம் வரை, பாலத்தில் நாற்காலியில் வைத்துத் தூக்கி, அப்புறம் ஆம்புலன்ஸ். கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். ஆபரேஷன் பண்ணி எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை, ரெண்டரைக் கிலோ.

"இன்னும் ஒரு ராத்திரி உட்டிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க," என்றார் ஜானகி. அவர் குரல் உடைந்திருந்தது.

அருள்ராஜ் அதைத் தங்கைக்கு எழுதிக் காட்டவில்லை. கையாலேயே சொன்னான். பிள்ளை, பெண், அழுகிறது, நன்றாக இருக்கிறது. பிறகு கை தானாகவே இன்னொன்றையும் சொல்லத் தொடங்கியது. அன்றைக்கு. ஆஸ்பத்திரி. நான் சொல்லவில்லை. அதற்கு மேல் அவனுக்குச் சைகை தெரியவில்லை. மன்னிப்புக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவன் கற்றிருக்கவில்லை. கை அந்தரத்தில் நின்றது.

லோயிஸ் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். தெரியும், என்று தலையாட்டினாள். ரொம்ப நேரம் அவன் கையை விடவில்லை.

பிறகு அவன் பெயரைச் சொன்னாள். வலது கண்ணுக்கு முன்னால் முஷ்டி. ஆனால் இடது கண்ணை மூடவில்லை. முஷ்டியை மெதுவாக இறக்கி, இரண்டு கண்ணையும் அகலத் திறந்து அவனைப் பார்த்தாள். அதுநாள்வரை தன்னை அவள் கேமராக்காரன் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை, ஒற்றைக்கண்ணால் பார்க்கிறவன் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பது அருள்ராஜுக்கு அப்போதுதான் விளங்கியது.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் திரும்பும் வழியில் கந்தன் தும்மிக்கொண்டே ஸ்டுடியோவுக்கு ஏறி வந்தான். ஜீவிதாவின் போனை நீட்டினான்.

"இதுல ஒரு படம் இருக்குங்கண்ணா. நம்ம இணையப்பக்கத்துல ஏறல, ரொம்பப் பெருசா இருக்குதாம். உங்ககிட்ட நேர்ல குடுக்கச் சொன்னா."

பொத்தானை அழுத்தாமல் போன் கேமராவிலேயே எடுத்துவிட்டாள் போல. மூன்று நிமிஷம், இருநூற்றுச் சொச்சம் எம்.பி. ஆஸ்பத்திரி ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே காற்றில் ஆடுகிற மரம், மடியில் துணிச்சுருளுக்குள் ஒரு முகம். ஜீவிதா முஷ்டியைக் கண்ணிலிருந்து இறக்கி, இரண்டு கண்ணையும் அகலத் திறந்து அவனுடைய புதுப் பெயரைச் சொன்னாள். பிறகு குழந்தையின் கையைத் துணியிலிருந்து வெளியே எடுத்துக் காட்டினாள். ஐந்து விரலும் விரிந்து மடங்கின, ஒன்றும் சொல்லாமல், சும்மா.

அருள்ராஜ் அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்தான். அதை மட்டும் அவன் சுருக்கவில்லை.